கையால் தடவி இறால் பிடிக்கும் பிச்சாவரம் இருளர்கள்: முகத்துவாரம் தூர்ந்தால் முதல் அடி யாருக்கு?

சிதம்பரம்,

பிச்சாவரம் என்றால் படகு சவாரி, சுரபுன்னை காடு, 1975-ல் வந்த ‘இதயக்கனி’ படத்தில் எம்.ஜி.ஆர். நடித்த இடம். சுற்றுலா வருபவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும். படகு திரும்பும் வளைவுகளில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடியே நகரும் ஆட்களை சிலர் பார்த்திருக்கலாம். யாரோ குளிக்கிறார்கள் என்று போட்டோ எடுத்துக் கொண்டு போய் விடுவார்கள்.

அவர்கள் இருளர்கள். இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை, படகு இல்லை. 2 கை, ஒரு பறி, அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் இருந்து சுமார் 15 கி.மீட்டரில் கிள்ளை. அதை ஒட்டி எம்.ஜி.ஆர். நகர், கலைஞர் நகர் என்று இருளர் குடியிருப்புகள் உள்ளன. ஆணும் பெண்ணுமாக தண்ணீரில் இறங்குவது இங்கே பழக்கம். பெண்கள் தனியாகவும் கூட்டமாக போவார்கள். சேற்றில் முழங்கால் பதிய, கழுத்து வரை நனைய, மணிக்கணக்கில் நிற்க வேண்டிய வேலை இது.

இந்த தொழிலுக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. இறால் பகலில் சேற்றில் புதைந்து கிடக்கும். தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து கால்வாயில் இறங்க வேண்டும். 2 கையையும் விரித்து தரையோடு தரையாக தடவிக் கொண்டே போக வேண்டும். இறால் பின்பக்கமாக துள்ளும் ஜாதி. தலைப்பக்கம் கையை கொண்டு போனால் பறந்து விடும். பின்னால் ஒரு கையை வைத்து, முன்னால் ஒரு கையை கொண்டு வந்து அமுக்க வேண்டும். பிடித்ததை போட பனை ஓலையில் முடைந்த பறி. அதை கழுத்தில் மாட்டிக் கொள்வார்கள், அல்லது பல்லில் கடித்துக் கொள்வார்கள். 2 கையும் வேலையில் இருக்கும்போது வேறு என்ன செய்வது?

கையில் அகப்படுவது எல்லாம் இறாலாக இருக்காது. கெளுத்தி மீன் முள் குத்தினால் அன்றைய வேலை போச்சு. ஆளி ஓடு காலை கிழிக்கும். நண்டு விரலை கவ்வும். உப்புத் தண்ணீரில் வெட்டுக்காயம் சீக்கிரம் ஆறாது. ஆறும் வரை வீட்டில் இருந்தால் உலை வைக்க முடியாது என்பதால் காயத்தோடேயே மறுநாள் இறங்குகிறவர்கள்தான் அதிகம்.

கரைக்கு வந்ததும் வியாபாரி வாங்கிக் கொள்வார். ஐஸ் பெட்டி கிடையாது, எடை போட ஏலக்கூடம் கிடையாது. சொன்ன விலைக்கு கொடுத்து விட்டு வர வேண்டியதுதான். முன்பணம் வாங்கி இருந்தால் அந்த பேரமும் கிடையாது.

3 அடிக்குள் அடங்கிய தொழில்

இங்கேதான் விஷயத்தை கொஞ்சம் கவனமாக பார்க்க வேண்டும். பிச்சாவரத்தில் கடல் நீர் ஏறி இறங்கும் உயரம் மிகக் குறைவு. அதிகபட்சம் ஒரு மீட்டர், அதாவது 3 அடி சொச்சம். பல நாட்களில் அதுவும் இருக்காது. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி கொஞ்சம் கூடும். குஜராத், வங்காளம் பக்கம் போல ஆள் உயரத்துக்கும் மேல் ஏறி இறங்குகிற கடல் இது இல்லை.

கையால் தடவி பிடிப்பவருக்கு தண்ணீர் இடுப்பு அல்லது மார்பு அளவுக்கு இறங்க வேண்டும். அதுவும் தினமும் இறங்க வேண்டும். சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல் ஒரு அடி கூடினால் 3 அடியில் ஒரு அடி போய் விட்டது என்று அர்த்தம். முகத்துவாரம் அடைபட்டால் உள்ளே தண்ணீர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. தேங்கி நிற்கும். கோடையில் உப்பு ஏறும். மழைக்காலத்தில் மேலே இருந்து வரும் வெள்ளம் வடியாமல் ஆழம் கூடும். இரண்டிலும் கையால் பிடிக்க முடியாது.

படகு வைத்திருப்பவர் வேறு இடம் பார்த்து போவார். டீசல் செலவு கூடும், ஆனாலும் போவார். கையை மட்டும் நம்பி இருப்பவர் நடந்து போகிற தூரம்தான் அவருடைய கடல். முகத்துவாரம் தூர்ந்து படகு தரை தட்டினால், கவிழ்ந்தால் அது செய்தியாகிறது. முடசல்ஓடை, அன்னங்கோவில் பக்கம் தூர்வார கேட்டு படகுக்காரர்கள் கோரிக்கை வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. நியாயமான கோரிக்கைதான். தரை தட்ட ஒரு படகு கூட இல்லாதவர்களுக்கு அதே மணல் என்ன செய்கிறது என்பதுதான் வெளியே வருவது இல்லை.

இறாலுக்கு 2 வாசல்

இறால் என்று பொதுவாக சொல்கிறோம். கடலூர் மாவட்டத்து தண்ணீரில் நேர் எதிர் வாழ்க்கை வாழும் 2 வகை இருக்கிறது.

ஒன்று வெள்ளை இறால், டைகர் இறால் போன்றவை. இவை முட்டை இடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, அலையாத்தி காட்டு வேர்களுக்கு நடுவே சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்கு போகும். பிச்சாவரத்தில் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். நாளை கடலில் விசைப்படகு வலையில் விழப்போகிற இறாலும் இந்த தொட்டிலில் வளர்ந்ததுதான்.

இன்னொன்று ஆற்று இறால். நீளமான கொடுக்கு வைத்தது. இந்த இனத்தில் பெரியது ஒரு அடி வரை கூட வளரும். ஓட்டல்காரர்கள் ஸ்காம்பி என்பார்கள். இது வாழ்வது நல்ல தண்ணீரில். ஆனால் குஞ்சு பிழைக்க லேசான உப்பு வேண்டும். அதனால் சினை இறால் ஆற்றோடு கீழே வந்து கழிமுகத்தில் குஞ்சு விடும். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். கொள்ளிடத்தில் அணைக்கரை கீழணை பகுதியில் இந்த இறால் பிடிப்பது பழைய தொழில். ஆராய்ச்சிக்கு தாய் இறால் தேடி வருபவர்களும் அங்கேதான் வருவார்கள்.

ஆக, ஒரு வகைக்கு கடல் வாசல் திறந்திருக்க வேண்டும். மற்றதற்கு ஆற்று வாசலும் திறந்திருக்க வேண்டும்.

ஆற்று வாசல் கதை பெரிய கதை. கீழணையை 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டினார். அங்கிருந்து வடவாறு வழியாகத்தான் வீராணத்துக்கு தண்ணீர் வருகிறது. 2004-ல் இருந்து வீராணம் தண்ணீர் சென்னைக்கும் போகிறது. விவசாயத்துக்கும் குடிநீருக்கும் அணை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அணைக்கு கீழே கடல் வரை கொள்ளிடத்தில் எத்தனை மாதம் தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்தால், உபரி நீர் திறக்கும் நாட்கள் தவிர மணல்தான் தெரிகிறது. கடல் நீர் உள்ளே ஏறுவதை தடுக்கவும், தண்ணீரை தேக்கவும் ஆதனூர்-குமாரமங்கலம் இடையே கதவணை கட்டும் பணி 2019-ல் தொடங்கியது. கரையோர கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பாகி விட்டதால் விவசாயிகள் கேட்டு வாங்கிய திட்டம் இது. கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற கணக்கில் விரல் நீள குஞ்சு இறாலுக்கும் ஒரு இடம் வேண்டும்.

இது கற்பனை பயம் இல்லை. உல்லம் என்ற மீன் ஒரு காலத்தில் கடலில் இருந்து கொள்ளிடம் வழியாக காவிரிக்கு ஏறி வந்து கொண்டிருந்தது. வங்காளிகள் உயிரை விடும் ஹில்சா மீன் அதுதான். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அது படிப்படியாக குறைந்து காவிரியில் பெயரளவுக்கு ஆகி விட்டது. இன்று காவிரிக்கரையில் உல்லம் என்றால் எத்தனை பேருக்கு தெரியும்?

வெட்டினார்கள், பிறகு வாய்க்கால் வெட்டினார்கள்

பிச்சாவரம் காட்டுக்கும் ஒரு பழைய காயம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்த காட்டை கூறு கூறாக பிரித்து மொத்தமாக மரம் வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டு சேறு இறுகி தரை தாழ்ந்தது. தட்டு போல பள்ளமான இடத்தில் கடல் நீர் ஏறும், ஆனால் வடியாது. காய்ந்து உப்பு பூத்து புல் கூட முளைக்காத இடமாக போனது.

இதை கண்டுபிடித்து சரி செய்தது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும். 1990-களில் மீன் முள் வடிவத்தில், நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், 2 பக்கமும் கிளை வாய்க்கால் என்று வெட்டி, கடல் நீர் வந்து போக வழி செய்தார்கள். அதன் பிறகு நட்ட கண்டல் பிழைத்தது. சேற்றில் இறங்கி வேலை பார்த்தது பக்கத்து கிராம மக்கள். அவர்களில் இருளர்களும் உண்டு. எம்.ஜி.ஆர். நகர் பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் வந்ததும், சில குடும்பங்களுக்கு படகும் வலையும் பழக்கமானதும் அந்த காலத்தில்தான்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது இந்த காட்டின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. காட்டுக்கு பின்னால் இருந்த குடியிருப்புகள் தப்பின. காடு மறைக்காத மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு உருக்குலைந்து போனது. கடலூர் கடற்கரையை வைத்து நடந்த ஆய்வு 2005-ல் உலக அளவில் பேசப்பட்டது. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. ராம்சார் பட்டியலில் சேர்ந்தால் ஈரநிலத்தை சிதைக்காமல் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பயன்படுத்தக் கூடாது என்பது விதி இல்லை. இந்த வித்தியாசம் காகிதத்தில் இருப்பது போல கரையிலும் இருக்க வேண்டும்.

பண்ணை வந்த கதை

1990-களின் தொடக்கத்தில் கடலோரம் முழுக்க இறால் பண்ணை மோகம் பிடித்து ஆட்டியது. வயலை வெட்டி குளமாக்கினார்கள். கழிவு நீர் ஆற்றிலும் ஓடையிலும் விடப்பட்டது. 1994-95-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பலர் கடனாளி ஆனார்கள். காந்தியவாதி ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பாரம்பரிய முறை, திருந்திய பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. பிறகு 2005-ல் மத்திய அரசு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணைய சட்டம் கொண்டு வந்து பண்ணைகளுக்கு பதிவு முறை ஏற்படுத்தியது. 2009-ல் வனாமி இறால் வந்தது. இன்று மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.

இதில் கையால் பிடிப்பவருக்கு 2 அடி. பண்ணை கழிவு கலந்தால் கால்வாயில் இறால் குறைகிறது. பண்ணை இறால் மார்க்கெட்டில் குவிந்தால் பிடித்த இறாலுக்கும் விலை விழுகிறது. காட்டு இறாலுக்கு தனி ருசி என்று சாப்பிடுபவர்கள் சொல்வார்கள். அந்த ருசிக்கான காசு கரையில் நிற்பவர் கைக்கு வருவதில்லை.

கடலூர் பக்கம் நிலைமை வேறு மாதிரி. உப்பனாற்றின் கரையில் சிப்காட் ரசாயன தொழிற்சாலைகள். ஆற்றில் மீன் செத்து மிதந்தது என்ற செய்தி கடலூர்காரர்களுக்கு புதிது இல்லை. 2009-ல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட, கடுமையாக மாசுபட்ட 43 தொழில் பகுதிகள் பட்டியலில் கடலூரும் இருந்தது. கையுறை போட்டு எடுக்க வேண்டிய தண்ணீரில் கை வைத்து இறால் தேடுவது எப்படி?

வெளிநாட்டில் லைசென்ஸ்

வெளிநாடுகளில் ஆற்றிலும் ஏரியிலும் கிரேபிஷ் என்று ஒன்றை பிடித்து சாப்பிடுகிறார்கள். பார்க்க குட்டி சிங்கி இறால் மாதிரி இருக்கும். நம் நாட்டில் அது இயற்கையாக கிடையாது. சுவீடன் நாட்டில் ஆகஸ்டு மாதம் கிரேபிஷ் விருந்து ஒரு திருவிழா. 1907-ல் அங்கே கிரேபிஷுக்கு ஒரு கொள்ளை நோய் வந்து உள்நாட்டு இனம் அழிய ஆரம்பித்தது. அதை ஈடுகட்ட 1960-களில் அமெரிக்க இனத்தை கொண்டு வந்து விட்டார்கள். அந்த இனமே நோயை சுமந்து திரியும் இனம் என்பதால் உள்ளூர் இனம் இன்னும் நசுங்கியது. 2016-ல் ஐரோப்பிய யூனியன் அதை ஆக்கிரமிப்பு இனம் என்று பட்டியலில் போட்டது. இங்கிலாந்தில் கூண்டு வைத்து கிரேபிஷ் பிடிக்க வேண்டும் என்றால் சுற்றுச்சூழல் துறை அனுமதி வாங்க வேண்டும்.

அனுமதி முறையில் தொல்லை உண்டு. ஆனால் ஒரு லாபமும் உண்டு. யார், எங்கே, எதை பிடிக்கிறார்கள் என்று அரசிடம் ஒரு பதிவு இருக்கும். பிச்சாவரத்தில் பறியில் வரும் இறால் மீன்பிடி துறைமுகத்துக்கு போவதில்லை. கரையிலேயே கைமாறி விடுகிறது. பெரும்பாலும் எந்த கணக்கிலும் ஏறுவதில்லை. எத்தனை குடும்பம் இதில் பிழைக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு பிடிபடுகிறது என்று தெரியாமல், முகத்துவாரம் தூர்வாரும் திட்டத்திலோ கதவணை திட்டத்திலோ இவர்கள் நஷ்டத்தை எந்த அதிகாரி எழுதுவார்? எழுத நினைத்தாலும் எந்த எண்ணை எழுதுவார்?

சட்டத்தில் இருக்கிறது

இருளர்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ளதாக மத்திய அரசு தனியாக அடையாளம் கண்ட 6 பழங்குடிகளில் இருளரும் ஒன்று. ஆனாலும் ஜாதி சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்த கதை பல குடும்பத்தில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் பிள்ளைகள் படிப்பை பாதியில் விட்டதும் உண்டு.

2006-ல் வந்த வன உரிமை சட்டம் பலருக்கு நிலப் பட்டா சட்டமாக மட்டுமே தெரியும். அதில் 3-வது பிரிவில், காட்டுக்குள் உள்ள நீர்நிலைகளில் மீன் மற்றும் நீரில் கிடைக்கும் பொருட்கள் மீதான சமூக உரிமையும் சொல்லப்பட்டு உள்ளது. 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்தே காட்டை நம்பி அங்கு வாழும் பழங்குடியினர் கேட்கலாம். கிராம சபையில் தீர்மானம் போட்டு, உட்கோட்ட குழு, கலெக்டர் தலைமையிலான மாவட்ட குழு என்று மேலே போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2008-ல் சென்னை ஐகோர்ட்டு பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமை வழங்குவது முடங்கி கிடந்தது. 2016-ல்தான் சுப்ரீம் கோர்ட்டில் அந்த தடை நீங்கியது. மற்ற மாநிலங்களை விட 8 வருடம் பின்னால் தொடங்கிய ஓட்டம். அதிலும் மலைவாழ் மக்கள் என்றால் அதிகாரிகளுக்கு உடனே சட்டம் ஞாபகம் வருகிறது. கடலோர காட்டில், தண்ணீரில் நிற்கும் பழங்குடிக்கு அதே சட்டம் பொருந்தும் என்பது அவ்வளவு சீக்கிரம் ஞாபகம் வருவதில்லை.

2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்தில் இந்த பழங்குடிகளுக்கு வீடு, சாலை, குடிநீர், மின்சாரம் என்று பல வசதிகள் சொல்லப்பட்டு உள்ளன. வீடு வேண்டும்தான். கூரை ஒழுகும் வீட்டில் மழைக்காலத்தில் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் புது வீட்டு அடுப்பில் உலை கொதிக்க கால்வாயில் இறால் இருக்க வேண்டும்.

கேட்பதற்கு பெரிய பணம் பிடிக்கும் விஷயங்கள் இல்லை. முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு ஏறி இருக்கிறது என்று மழைக்கு முன்பும் பின்பும் ஆண்டுதோறும் அளக்கலாம். கடல்வாழ் உயிரின ஆராய்ச்சிக்கு பேர் போன அண்ணாமலை பல்கலைக்கழக மையம் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. கையால் பிடிப்பவர்களை குடும்ப வாரியாக கணக்கெடுத்து மீன்வளத்துறை ஒரு பதிவேடு போடலாம். கதவணை திறக்கும் அட்டவணையில் இறால் குஞ்சு ஏறும் காலத்தையும் சேர்க்கலாம். கான்சாகிப் வாய்க்கால் வழியாக காட்டுக்குள் நல்ல தண்ணீர் கொஞ்சமாவது வந்தால் கோடை உப்பு குறையும். வன உரிமை குழு கூட்டத்தில் கால்வாய்களையும் வரைபடத்தில் குறித்து மனு வாங்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் மேலே இருந்து வெள்ளம் இறங்கும். வெள்ளம் வேகமாக இறங்கினால் முகத்துவார மணலை அடித்துக் கொண்டு போய் விடும். அந்த வருடம் தப்பித்தோம் என்று அர்த்தம். மழை ஏமாற்றினால் மணல் அப்படியே கிடக்கும். பறியை எடுத்துக் கொண்டு விடிவதற்கு முன்பு கிளம்புகிறவர்கள், தண்ணீர் எந்த கால்வாயில் இடுப்புக்கு இறங்கும் என்று காலால் அளந்து பார்த்துக் கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் நடப்பார்கள்.